நீ விட்டுக்கொடுத்த ஆட்டம்

ரேவதி,

உன் கல்யாணத்தன்று மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, என்னோடு பாசிர் கூடாங் துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணே, பொண்ணும் மாப்பிள்ளையும் வீடியோ கேம் விளையாடித்தான் கல்யாணம் முடிவாச்சாமே, உண்மையா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "தோத்தவங்க ஜெயிச்சவங்களக் கட்டிக்கணும்னு பந்தயமாம் லா" என்றார். நான் சிரித்துவிட்டு, பாயசம் வந்ததா என்று பேச்சை மாற்றினேன். அவர்களுக்குச் சொல்லாததை உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே தோன்றியது. நடந்ததில் ஒரு பாதிதான் உனக்குத் தெரியும். மறுபாதி நம் வீட்டுக் கூடத்திலும் சமையலறையிலும், பிறகு கோத்தா திங்கியில் உன் மாமியார் வீட்டிலும் நீ இல்லாத நேரத்தில் நடந்தது. ஃபோனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நான் விட்ட இடத்தை மறந்துவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். வீடு அமைதியாக இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இந்த அமைதி பிடிக்கத் தொடங்கிவிட்டது.

அந்த ரோபோ விளையாட்டை நீ முதலில் பார்த்தது இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும்போது, தெப்ராவ் பக்கம் இருந்த பேரங்காடியின் மேல்மாடியில். வேலை இல்லாத சனிக்கிழமைகளில் நான்தான் உன்னைக் கூட்டிப்போவேன். நான்கு இயந்திரங்கள், இரண்டு இந்தப் பக்கம் பார்த்து, இரண்டு அந்தப் பக்கம் பார்த்து, முதுகு ஒட்டி நிற்கும். ஜப்பான் கார்ட்டூனில் வரும் ராட்சத ரோபோக்கள். ஒவ்வொன்றின் நெஞ்சுக்குள்ளும் ஓர் ஆள் உட்கார்ந்து ஓட்டுவான். நாலு பக்கமும் அடைத்த ஒரு களத்துக்குள் அவற்றை இறக்கிவிடுவார்கள். பறக்கலாம், சுடலாம், வாள் வீசலாம். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உயரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு கப்பலிலிருந்து கண்டெய்னர் தூக்கியவன் நான். அதனால் அந்த ரோபோ ஓட்டியைப் பார்த்ததும் நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. உன் பின்னால் நின்று பார்ப்பதோடு சரி.

ஒருநாள் நீதான் எனக்கு விதியை விளக்கினாய். "மேல ஒரு கோடு தெரியுது பாருங்கப்பா, அது ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பலம். யாரு விழுந்தாலும் அது கொறையும். நான் விழவே இல்லேன்னாலும், கூட ஆடறவங்க விழுந்துக்கிட்டே இருந்தா ரெண்டு பேருமே அவுட்."

"அப்ப நல்லா ஆடறவங்களாப் பார்த்துச் சேர வேண்டியதுதானே?" என்றேன்.

"எல்லாரும் அப்படியே நெனச்சா, யாரு கூடப்பா யாரு சேர்றது?" என்று சொல்லிவிட்டு, அன்றுதான் முதல்முறை ஆட வந்திருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். இருவரும் தோற்றீர்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெண் எங்கே தவறு செய்தாள் என்று எனக்குப் பாடம் நடத்தினாய். உனக்கு இரண்டு குணமும் உண்டு, ரேவதி. கூடச் சேர்ந்துகொள்வாய், பிறகு பாடமும் நடத்துவாய். முதலாவது குறையாமல் பார்த்துக்கொள். இரண்டாவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

உன் அம்மாவுக்கு அந்த விளையாட்டு பிடிக்காது. கண் கெட்டுப்போகும் என்பாள், காது கெட்டுப்போகும் என்பாள். நீ பாலிடெக்னிக் முடித்து, சிங்கப்பூரில் வேலை கிடைத்து, விடியுமுன் எழுந்து பஸ் பிடித்துக் கடற்பாலம் தாண்டிப் போய்வரத் தொடங்கியபோது, இனிமேல் இவள் எங்கே விளையாடப்போகிறாள் என்று நிம்மதியானாள். நீயோ முதல் சம்பளத்தில் அந்த விளையாட்டை வீட்டுக்கே வாங்கி வந்து மாடியில் வைத்துவிட்டாய். களைத்துப்போய் வருகிறவள், கொஞ்ச நேரம் ரோபோவை ஓட்டிவிட்டு முகம் தெளிந்து கீழே இறங்கி வருவாய். அந்த முகத்தைப் பார்த்த பிறகு உன் அம்மா ஒன்றும் சொல்வதில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். லோகன் வரன் உன் அம்மாவின் கோயில் தோழி வழியாக வந்தது. கோத்தா திங்கிக்காரர்கள். அப்பா இல்லை. அம்மா அரசாங்க கிளினிக்கில் தாதி. பையன் பாசிர் கூடாங்கில் ரசாயனத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். பெண் பார்க்க மூன்று பேர்தான் வந்தார்கள்: லோகன், அவர் அம்மா, அவர் பெரியம்மா. பலகாரம் முடிந்ததும், "இந்தக் காலத்துப் புள்ளைங்க, தனியா பேசட்டுமே" என்று சொன்னதே அந்தப் பெரியம்மாதான். நீங்கள் இருவரும் மாடிக்குப் போனீர்கள். நாங்கள் கீழே மழையைப் பற்றியும், வெள்ளம் வந்தால் கோத்தா திங்கியில் எந்தச் சாலையை முதலில் மூடுவார்கள் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சத்தம் வந்தது. முதலில் உன் குரல்: "பின்னாடி பாருங்க, பின்னாடி. செத்தீங்க." அடுத்து அவர் குரல்: "அலமாக், எங்கேருந்துங்க வர்றீங்க?" பெரியம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நானும் பெரியம்மாவும் படியேறி, பாதியில் நின்று எட்டிப் பார்த்தோம். நீ பட்டுப்புடவையோடு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாய். அவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். திரையில் உன்னுடைய வெள்ளை ரோபோ அவருடைய கறுப்பு ரோபோவைச் சுவரோடு சுவராக நசுக்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்தது, உடனே அடுத்தது தொடங்கியது, அதிலும் அவர் தோற்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன்.

கீழே இறங்கி வந்த பெரியம்மா என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். முகத்தில் சிரிப்புகூட இருந்தது. "பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா பார்க்க வந்த எடத்துல பையன் தோத்துக்கிட்டே இருக்கறது நல்லாவாங்க இருக்கு? ஒரு ஆட்டமாச்சும் விட்டுக்கொடுக்கத் தெரியணும். அப்புறம் குடும்பத்துல எப்படி?" உன் மாமியார் அப்போது உன் அம்மாவோடு வாசலில் பூச்செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர் கேட்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். முறுக்குத் தட்டை எடுத்துப்போகச் சொல்லி உன்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். "ஒரு ஆட்டம் விட்டுக்கொடும்மா" என்றேன்.

"ஏன்பா?"

"பெரியவங்க பார்க்கறாங்கம்மா."

நீ வாதாடவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு போனாய். பெரியவர்கள் எல்லோருமாக மாடிக்கு வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தோம். உன் வெள்ளை ரோபோ களத்தின் நடுவில், மறைவே இல்லாத இடத்தில் வந்து நின்றது. அவர் சுட்டார். அது விலகவில்லை. மறுபடி சுட்டார். அத்தனை நேரம் பறந்துகொண்டிருந்தது, கால் கட்டிப்போட்ட மாடு மாதிரி அங்கேயே நின்று அடி வாங்கியது. பெரியம்மா கைதட்டினார். லோகன் கையிலிருந்ததைத் தரையில் வைத்துவிட்டு, "இது நீங்க ஆடுற ஆட்டம் இல்லீங்களே" என்றார். பிறகு தணிந்த குரலில், "யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. நானும் முறுக்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் சிவந்து எழுந்து கீழே போனார். போகும்போது எல்லோரும் மரியாதையாகத்தான் விடைபெற்றார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அன்று மாலை நீ குளிக்கப் போயிருந்தபோது உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா பேசியதையும், நான் உன்னிடம் பேசியதையும் சொன்னேன். இத்தனை வருடம் அந்த விளையாட்டைத் திட்டிக்கொண்டிருந்தவள், நீ தோற்றதற்காக அப்படிக் கோபப்பட்டதை நீ பார்த்திருக்க வேண்டும்.

"அவளா தோத்தா தோக்கட்டும். தோக்கச் சொல்ல நீங்க யாரு?"

"நல்ல எடம் கைவிட்டுப் போயிடுமேன்னுதான்."

"இப்ப மட்டும் போகலையா? அந்தப் பையன் கேட்டானே, 'யாராச்சும் சொன்னாங்களா'ன்னு. அது எவ்ளோ பெரிய கேள்வி. நம்ம வீட்டுல பதில் சொல்ல ஒரு ஆள் இல்ல."

அவள் அத்தோடு விட்டுவிட்டாள். எனக்குத்தான் அது ஆறவில்லை. வாரங்கள் போயின. கோத்தா திங்கியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நீ வழக்கம்போல வேலைக்குப் போனாய், வந்தாய், பாத்திரம் கழுவினாய். மாடியில் மட்டும் சத்தமே இல்லை. கோபம் வந்தால் நீ பேச மாட்டாய், வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வாய். அது எங்களுக்குப் புரியும். இன்னொருவருக்குப் புரியும் என்று எதிர்பார்க்காதே. வாயைத் திறந்து, கோபமாக இருக்கிறேன் என்று சொல்லிவிடு. சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு சனிக்கிழமை காலை, கார் டயர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நேரே கோத்தா திங்கிக்குப் போனேன். சாலையின் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். உன் மாமியார் வீட்டில் சோபா, ஃபிரிட்ஜ் எல்லாம் வெள்ளத்துக்குப் பயந்து செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள், ஆறு பக்கத்தில்தான். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா பதறிப்போனார். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றுதான் முதலில் கேட்டார். லோகன் வேலைக்குப் போயிருந்தார். நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அன்னிக்கு எம் பொண்ண தோக்கச் சொன்னது நான்தாங்க. அவ மேல தப்பு இல்ல. தம்பி கேட்டப்ப நான் சொல்லியிருக்கணும், சொல்லல. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன். பெரியம்மா பேசியதை நான் சொல்லவில்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். பிறகு, "எங்க அக்கா ஏதோ சொல்லியிருப்பா, இல்லண்ணே? வண்டியில வரும்போதே ஜாடையா பேசிக்கிட்டு வந்தா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவ சொன்னதுக்கு நீங்க ஏன் அண்ணே பயந்தீங்க? அவ என்கிட்டயும் தெனம் ஏதாச்சும் சொல்லுவா. நான் தலைய ஆட்டிட்டு எம் பாட்டுக்குப் போயிடுவேன்." பால் சேர்க்காத தே ஓ, சர்க்கரை குறைத்து ஒரு கோப்பை போட்டு வந்து வைத்தார். "எம் பையன் அன்னிக்கு வந்து என்ன சொன்னான் தெரியுமா? 'அம்மா, அந்தப் பொண்ணு ரொம்ப பலமா ஆடுது. நம்மளால அது தோக்க வேண்டியதாப் போச்சு. இனிமே எந்த மொகத்த வச்சிக்கிட்டு ஃபோன் பண்றது?' இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கான். வேல விட்டு வந்ததும் அந்தக் கேமைத்தான் ஆடுறான். கேட்டா, 'அந்தச் சுவர்ப் பக்கம் எப்படி வந்தாங்கன்னு பார்க்கறேன்'ங்கறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஃபோன் செய்யவில்லை. நாமும் வெட்கப்பட்டுக்கொண்டு செய்யவில்லை. இதற்குள் மாதம் ஒன்று ஓடிவிட்டது. "வர்ற ஞாயித்துக்கெழம அந்தக் கேம் கடைக்கே எல்லாரும் போவோம் அண்ணே. நம்மளும் ஆடுவோம். வெளிய நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாத்தான் வேண்டாத பேச்செல்லாம் வருது" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு லோகனுடையது என்று இவ்வளவு நாள் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது உன் மாமியாருடையது. நல்ல மனுஷி. அவரிடம் எதையும் நேராகப் பேசு.

பேரங்காடியில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நான் உட்கார்ந்திருந்த பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீயும் உன் மாமியாரும் அந்தப் பக்கம், நானும் லோகனும் இந்தப் பக்கம். உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றாள். இத்தனை வருடம் கிரேன் ஓட்டிய கை, ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். துறைமுகத்தில் கீழே நிற்கிற ஆள் வாக்கிடாக்கியில் எப்போதும் ஒன்றைத்தான் சொல்வான்: "பெலான் பெலான்", மெதுவாக, மெதுவாக. இடம் பார்த்து, வலம் பார்த்து, கீழே ஆள் இல்லையென்று உறுதி செய்த பிறகுதான் என் கை அசையும். அந்த விளையாட்டில் நான் இடம் பார்த்து முடிப்பதற்குள் உன் வெள்ளை ரோபோ வந்து என்னை வெட்டிவிட்டுப் போய்விட்டது. உன் மாமியாரோ எல்லாப் பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்கிக்கொண்டு, எங்கே சுடுகிறோம் என்று தெரியாமலே என்னை இரண்டு தரம் சுட்டார்.

நான் லோகனிடம், "தம்பி, என்னை விட்டுட்டு நீங்க போய் அடிங்க. நான் ஒங்களுக்குப் பாரம்" என்றேன்.

"நீங்க விழுந்தா நானும்தான் அங்கிள் தோக்கணும். நான் கிட்டயே இருக்கேன். நீங்க ஒங்க வேகத்துல வாங்க" என்றார். அப்படியே இருந்தார். உன்னைத் துரத்திப் போயிருந்தால் ஒருவேளை அவர் உன்னை ஒருமுறையாவது வீழ்த்தியிருக்கலாம். போகவில்லை. அந்தக் கறுப்பு ரோபோ கடைசிவரை என் ரோபோவின் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நீ எங்கள் இருவரையும் துவைத்து எடுத்தாய். துளி இரக்கம் காட்டவில்லை. எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

தோற்றதும் லோகன் சிரித்துச் சமாளிக்கவில்லை, கவனித்தாயா? காது மடல் சிவந்து போயிற்று. "குடிக்க வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து போனார். போச்சு, இந்தப் பையனும் தோல்வியைத் தாங்காத ஆள்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஐந்து கரும்புச்சாறு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். உன் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, "அந்தச் சுவருக்குப் பின்னாடியிருந்து எப்படி வந்தீங்க? இவ்ளோ நாளா பார்க்கறேன், புரியல. காட்டுங்க" என்றார். நீ காட்டினாய். வழக்கம்போல நீளமாகப் பாடம் நடத்தினாய். அவர் கரும்புச்சாற்றைக் குடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். தோற்றால் வருத்தமே வராத மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை. வருத்தப்பட்டுவிட்டுத் திரும்பி வந்து, எப்படி என்று கேட்கிறவனைப் பார்த்தது அன்றுதான். வண்டியில் வரும்போது உன் அம்மாவிடம், இந்தப் பையன் போதும் என்றேன். அவள், அதை நீங்கள் சொல்லக் கூடாது, ரேவதி சொல்லட்டும் என்றாள். பின் இருக்கையில் நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "போதும்பா" என்றாய்.

லோகன் முகம் சிவந்து எழுந்து போனால் போகட்டும், விட்டுவிடு. பின்னாலேயே போய் நின்று ஏன், என்ன என்று கேட்காதே. திரும்பி வருகிறவர்தான். திரும்பி வரும்போது நீ இடத்திலேயே இரு. எந்த ஆட்டத்தையும் அவருக்காகத் தோற்காதே, சமையலில், சம்பளத்தில், வண்டி ஓட்டுவதில், எதிலும். அவர் உண்மையாகவே உன்னைத் தோற்கடிக்கும் நாள் வரும். தினமும் பழகுகிறார், வராமலா போகும்? அன்றைக்கு உன் காது மடல் சிவக்கும். அப்போது நீயும் போய் ஏதாவது குடித்துவிட்டு வா.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். இதை நான் சொன்னதாக லோகனிடம் சொல்லாதே. அவர் எனக்கு ஃபோன் செய்தார். அங்கிள் போய் இப்போது மாமா வந்துவிட்டது. சுற்றி வளைத்துப் பேசினார். உடம்பு எப்படி, மழை எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ரேவதி காலையிலேர்ந்து பேச மாட்டேங்குது மாமா. பாத்ரூம், அலமாரி எல்லாம் தேச்சுக் கழுவிக்கிட்டு இருக்கு. நான் என்ன பண்ணணும்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியும், ரேவதி. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாததா? எந்த வார்த்தை சொன்னால் இறங்கி வருவாய், எந்தக் கடையின் ரொட்டி ஜாலா வாங்கிக் கொடுத்தால் சிரிப்பாய் என்றெல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உன் அம்மா தையலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத நீங்க அவகிட்டயே கேளுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்குவா. கேளுங்க."

அவர் சரி மாமா என்று வைத்துவிட்டார். என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். சாயங்காலம் நீ கூப்பிட்டாய். காலையில் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு போடுவது என்று அம்மாவைக் கேட்டாய். பின்னால் லோகன், அம்மாவைக் கேட்காதே, போன தடவை போட்டதே போதும் என்று சொல்வதும், நீ அவரோடு மல்லுக்கு நிற்பதும் கேட்டது. உன் அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "உங்களுக்குள்ள பேசி எவ்ளோ வேணுமோ போட்டுக்குங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

குழம்பு எப்படி வந்தது என்று நாங்கள் இருவருமே இன்னும் கேட்கவில்லை.

அன்புடன்
அப்பா